வெள்ளி விழாவில் தொலைந்த மூன்றாம் பாகம்

வெள்ளி விழாவுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேசரிக்காக வந்தவர்கள். அதில் தப்பொன்றும் இல்லை ஐயா. நான் நூலகராக இருக்கும் எங்கள் ஊர்க் கிளை நூலகம் அறுபத்தொன்றில் திறந்ததிலிருந்து இத்தனை பேர் ஒன்றாக உள்ளே வந்ததில்லை. தலைமை தாங்க வந்த பெரியவர் மேடையேறும் முன் என் காதில், "இங்க புத்தகத்த வூட்டுக்கும் குடுத்து அனுப்புவீங்களா?" என்று கேட்டார். பிறகு வாசிப்பின் மகிமை பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.

மேலிடத்திலிருந்து நீங்கள் விசாரிக்க வந்திருப்பது காணாமல் போன புத்தகத்தைப் பற்றி. மூன்று பாக நாவலில் மூன்றாம் பாகம், பச்சை அட்டை, மேலே பரிசல் படம். எடுத்துப் போனவர் செபாஸ்டின். மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. அவரைத் திருடன் என்று எழுதிவிடாதீர்கள். நான் நியாயம் பார்க்கிறவன். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

வாசிக்கிறவர் அவருடைய மனைவி ரோசம்மா. நெஞ்சுச் சளி முற்றி ஒரு வருடமாகப் படுக்கை. வாரம் ஒரு முறை செபாஸ்டின் சைக்கிளில் வந்து புத்தகம் வாங்கிப் போவார். முதல் பாகம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. இரண்டாம் பாகம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கேழ்வரகுக் களியோடு வந்தது. கட்டைவிரல் ரேகை கூடத் தெரிந்தது. எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தேன், போகவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். விழாவுக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஒரு புத்தகமாவது சுத்தமாக வேண்டாமா? மூன்றாம் பாகம் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தது, தாள் ஓரங்கள் கூட வெட்டப்படாமல் பக்கங்கள் மடிப்போடு ஒட்டியே இருந்தன. அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். செபாஸ்டினிடம், வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார் என்றேன். ஆறு வாரம் அதையே சொன்னேன். ஆறு வாரமும் அவர் நம்பினார். நல்ல மனிதர்.

ஏழாவது வாரம் தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குப்புராஜ் சார், புத்தகம் வேண்டாங்க. அந்தக் கதையில ஒரு பையன் ஆத்து வெள்ளத்துல போயிடறானாம். அவன் கெடச்சானா இல்லையான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொல்லிச்சுங்க. அதத் தெரிஞ்சுக்காம கண்ண மூட மாட்டேங்குது."

நான் நாவல் வாசிப்பவன் இல்லை. பார்த்துச் சொல்லலாம் என்றால் தாளை வெட்ட வேண்டும். அவரோ நகர்வதாக இல்லை. மணி ஒன்றாகிவிட்டது, எனக்குச் சாப்பாட்டு நேரம்.

"பையன் போயிட்டான்யா. உடம்பு கூடக் கெடைக்கல" என்றேன்.

அடுத்த வாரம் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"சொன்னேனுங்க. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துச்சு. கஞ்சி குடுத்தா வாயத் தெறக்கல. நாலு நாளுங்க. அடக்கம் பண்ணியாச்சு."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கறை இல்லை.

விழா அன்று நாற்காலி இறக்கும் ஆட்களோடு செபாஸ்டினும் வந்தது என் கெட்ட நேரம். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, பரிசல் படம் தெரியாதா? முதல் இரண்டு பாகங்களையும் சைக்கிள் கூடையில் வைத்துச் சுமந்தவர். கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு நேராக மேடைக்குப் போய்ப் பெரியவரைக் கும்பிட்டார்.

"ஐயா, இத மொதல்லேருந்து கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

ஏழைத் தொழிலாளியின் வாசிப்பு ஆர்வம். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோக்காரரைப் பக்கத்தில் அழைத்தார், என்னிடம் சாவி கேட்டார். நான் கேசரி ஆறுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலாலேயே தாள் ஓரங்களைக் கறகறவென்று வெட்டி, மைக்கில் உரக்க வாசித்தார்.

மூன்றாவது பக்கத்திலேயே அந்தப் பையன் பரிசலில் வந்து இறங்கி, "அம்மா, பசிக்குது" என்று கூப்பிட்டான்.

பந்தலில் எல்லோரும் கை தட்டினார்கள். செபாஸ்டின் தட்டவில்லை. என்னைப் பார்த்தார். பெரியவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். அவருக்கு அதைப் பரிசாகக் கொடுத்துவிட்டதாக நினைத்து ஜனங்கள் மறுபடியும் கை தட்டினார்கள்.

ஆகவே, ஐயா, பொய் சொன்னது நான். புத்தகம் அப்போது என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. இரண்டடி நகர்ந்து, மூன்று பக்கம் வெட்டியிருந்தால் அந்த அம்மாள் அன்றிரவு கஞ்சி குடித்திருப்பார். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் முழு நியாயத்தையும் எழுதுங்கள். புத்தகத்தைத் தேடி நேற்று நானே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ரோசம்மாவின் சிலுவைக்குக் கீழே, ஈர மண்ணில், அந்த மூன்றாவது பக்கத்தை விரித்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார். மூன்று நாள் மழை. அட்டை ஊறி, பரிசலெல்லாம் கரைந்து, தாளில் மண்புழு ஊர்கிறது. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு உயிரை இப்படியா ஐயா சாகடிப்பார்கள்?