தூணில் கிடந்த துண்டு

வாழைத்தோட்டத்துக்குள் இருட்டு மற்ற இடங்களைவிடச் சற்று முன்னதாகவே வந்துவிடும். வெளியே ரோட்டில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள், உள்ளே கால் வைக்கிற இடம் மங்கிப்போயிருக்கும். இலைகள் அப்படி மூடிக்கொள்ளும். களக்காட்டுப் பக்கம் அந்த நேரத்தைக் கருக்கல் என்போம். துப்பாக்கி பிடிப்பவனுக்குப் பகலும் சுலபம், டார்ச் இருந்தால் ராத்திரியும் சுலபம். கருக்கல்தான் ஆளைச் சோதிக்கும்.

என் பெயர் சிவசங்கரன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியாராகவும் என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். களக்காட்டில் எங்கள் குடும்பத்து வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பன்றி வராமல் காக்க, உரிமத்தோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. என் நண்பர் மீரா முகைதீனை அந்தத் துப்பாக்கியால்தான் சுட்டேன்.

சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னீர்கள், அம்மா. மாஜிஸ்திரேட் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும். யோசித்தாயிற்று. உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை. நடந்துகொண்டே சொல்லலாமா? வேண்டாமென்றால் சரி. இப்படியே இருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் சாலமோன் நல்ல மனிதர். "ஐயா, பன்னின்னு நினைச்சுச் சுட்டுட்டேன்னு சொல்லுங்க. அதுதான நடந்தது? எதுக்கு நீங்களா வந்து கொலை, கொலைங்கிய?" என்று மூன்று நாளாகக் கேட்கிறார். நான் குறி தவறாதவன் என்பது அவருக்குத் தெரியாது. அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், குறிக்காரப் பிள்ளைவாள் என்று.

குறி பார்ப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. குழலின் நுனியில் சிறு மணி மாதிரி ஒன்று இருக்கும், அது முன்குறி. நம் கண்ணுக்குப் பக்கத்தில் நடுவே வெட்டு விட்ட தகடு ஒன்று, அது பின்குறி. வெட்டுக்குள் மணி வந்து உட்கார வேண்டும், மணிமேல் இலக்கு உட்கார வேண்டும். பன்றியை விரட்ட மேலே பார்த்துச் சுடுவதானாலும், எந்தப் பக்கம் சுடுகிறோம் என்று தெரிந்து சுடுகிறவன்தான் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். இதை நான் மாணவர்களுக்கு வருஷாவருஷம் சொல்லியிருக்கிறேன்.

போன பாராளுமன்றத் தேர்தலின்போது வழக்கம்போல எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். திரும்பி வந்ததிலிருந்து முன்குறி சரியில்லை. மங்கலாகத் தெரிந்தது. விறகுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தி வைத்திருப்பார்கள், மணி தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்தேன். மறுபடியும் மங்கல். வெள்ளை வண்ணம் ஒரு பொட்டு வைத்தேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது, பிறகு வண்ணமும் மங்கிவிட்டது. இப்போது வருகிற பெயிண்ட் எல்லாம் அப்படித்தான். அதை எடுத்துவிட்டு வெளிச்சத்தை வாங்கி மினுங்கும் சிவப்புக் குச்சி ஒன்றைப் பொருத்தினேன். அதுவும் போதவில்லை. கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து பேட்டரியில் ஓடும் குறிக்கருவி ஒன்றை வரவழைத்தேன். சின்னக் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி தெரியும், புள்ளியை வைத்துவிட்டுச் சுட வேண்டியதுதான். பேட்டரி மாற்றுவது, கண்ணாடியை மெல்லிய துணியால் துடைப்பது, ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, எதிலும் குறை வைக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை துடைப்பேன். சாப்பாட்டிலிருந்து எழுந்துபோய்த் துடைப்பேன்.

என் மனைவி ஆவுடைத்தாய்க்கு அது பிடிக்காது. "துப்பாக்கியைத் தொடச்சது போதும். வாசல்ல யாரு நிக்கான்னு பாருங்க, தங்கச்சி வந்து நிக்கா, யாரும்மா நீன்னு கேக்குதிய" என்று சத்தம் போட்டாள். அன்றைக்கு வாசலில் வெயில் நேராக அடித்தது. பஸ்ஸில் ஊர்ப்பெயரைக்கூட இப்போதெல்லாம் பொடி எழுத்தில்தான் எழுதுகிறார்கள்.

மீரா முகைதீன் பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாங்கள் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருநாள் கடைக்குப் போயிருந்தபோது, "புது மிஷினு வந்திருக்கு, சும்மா நாடியை வச்சு உக்காரும்வே" என்றார். உட்கார்ந்தேன். மோவாயைத் தாங்கியில் வைத்ததும் உள்ளே ஒரு பலூன் தெரிந்தது. இயந்திரம் கிர்ரென்றது. திரையில் வந்த எண்களை அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "வே, உமக்குத் தூரப்பார்வை போயிட்டு வே. புரை இப்பத்தான் தொடங்குது, ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். கண்ணாடி போட்டாப் போதும். அது வரைக்கும் துப்பாக்கியைத் தொடாதேயும்."

எனக்குக் கண்ணில் ஒன்றுமில்லை, குறியில்தான் கோளாறு என்றேன்.

"இத்தனை குறி மாத்தியாச்சு. எல்லாக் குறியுமா கெட்டுப்போவும்?" என்று சிரித்தார். அவர் எப்போதும் அப்படிச் சிரிக்கக்கூடியவர். உரிமம் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் கேட்பார்களே, அப்போது தானே வந்து டாக்டரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஆவுடைத்தாயிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. துப்பாக்கி போனால் நான் யார்? கண்ணாடி மாட்டிக்கொண்டு வாழைத்தாருக்கு விலை பேசுகிற ஓய்வூதியக்காரன். காரணம் கேட்டீர்கள் அல்லவா, அதுதான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு, நானே போட்டது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் ஒரு கல்தூண் நிற்கும். கருக்கலில் யார் உள்ளே போனாலும் தோளில் கிடக்கும் துண்டைத் தூணில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வரும்போது எடுத்துக்கொள்ளலாம். தூணில் துண்டு கிடந்தால் துப்பாக்கி வெடிக்கக் கூடாது. பக்கத்துத் தோட்டக்காரர்களும் இதைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள். மீரா முகைதீனுக்கும் அது தெரியும்.

அன்று சாயங்காலம் நான் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து, தூணுக்கு எதிரே மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் பன்றி புகுந்து ஏழெட்டு வாழையைச் சாய்த்திருந்தது. மனம் ஒரு நிலையில் இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், குறிக்கருவியைத் துடைத்தேன். தூணைப் பார்த்தேன். வெள்ளைத் துண்டு கிடந்தது. பளிச்சென்று தெரிந்தது. ஆகையால் உள்ளே ஆள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சருகு சலசலத்தது. சாய்ந்த வாழைகளுக்கு நடுவே அவர் குனிந்து வந்துகொண்டிருந்தார். முகம் தெரிந்தது. சிவப்புப் புள்ளியை வைத்தேன். சுட்டேன்.

சத்தம் கேட்டு, தோட்டத்து வேலையாள் நேசையா ஓடிவந்தான். அவனிடம் நான், "பன்னி விழுந்துட்டு, கயிறு எடுத்துட்டு வாலே" என்று சொன்னதாகச் சாட்சி சொல்லியிருக்கிறான். உண்மைதான், சொன்னேன். அவனும் கயிறு எடுத்துக்கொண்டு வந்தான். அது கொலையை மறைப்பதற்காகச் சொன்னது. கொலைகாரன் அப்படித்தானே சொல்வான்?

பக்கத்தில் போய் நின்றேன். காலில் செருப்பைப் பார்த்ததும்தான்... செருப்பைப் பார்த்ததும் அவர்தான் என்று உறுதி செய்துகொண்டேன். நேசையா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "ஐயா, இது நம்ம பாய்லா" என்றான். நான் கீழே உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. அழுதேன் என்று நேசையா சொல்லியிருந்தால் அதையும் விட்டுவிடலாம்.

இன்ஸ்பெக்டர் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். தூணில் வெள்ளைத் துண்டு எதுவும் கிடக்கவில்லையாம். மீரா முகைதீன் துண்டு போடுகிறவர் இல்லையாம். கையில் கொண்டுவந்த மஞ்சப்பையைத்தான் தூணில் மாட்டிவிட்டு, என்னைத் தேடி உள்ளே போயிருக்கிறாராம். "மஞ்சப்பைங்கய்யா. பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்னே எனக்குத் தெரியுது. நீங்க வெள்ளைத் துண்டுங்கிய. பாத்திருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?" என்கிறார். கருக்கலில் மஞ்சள் வெள்ளையாகத் தெரியும், இது யாருக்கும் தெரிந்த விஷயம். பையா துண்டா என்பது ஒரு பெரிய கேள்வியா? தூணில் ஏதோ கிடந்தது, நான் பார்த்தேன். பார்த்தும் சுட்டேன். பார்க்காமல் சுட்டேன் என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அந்தப் பைக்குள் ஒரு கண்ணாடிக்கூடு இருந்தது. அன்றைக்கு இயந்திரம் காட்டிய அளவை வைத்து, நான் கேட்காமலேயே எனக்காகச் செய்து எடுத்து வந்திருக்கிறார். நேரில் பார்த்தால் சண்டைக்கு வருவேன் என்று தெரிந்தும் வந்திருக்கிறார். சாலமோன் அதை ஸ்டேஷனில் வைத்து என்னிடம் காட்டினார். "போட்டுப் பாருங்கய்யா" என்றார். மறுத்தேன். அவரே பிரித்து என் மூக்கில் மாட்டிவிட்டார்.

ஸ்டேஷன் வாசலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் யாரோ ஒரு பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் போலீஸ்காரரின் வீட்டுக்காரி என்று நினைத்திருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அது ஷரீபா பீவி, மீரா முகைதீனின் மனைவி. அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமை கொட்டியதுகூடத் தெரிந்தது.

கழற்றிக் கொடுத்துவிட்டேன். இனி அது எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்கச் சொல்கிறீர்கள், படிக்க வேண்டியதில்லை, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தால் போதும். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை, அம்மா. நான் பார்த்துத்தான் சுட்டேன்.