கிட்டே இருக்கும் கண்

புது கேமரா கையில் வந்ததும் எல்லோரும் செய்கிற தவறு, கையேட்டைப் புரட்டாமல் ஆட்டோ மோடில் போட்டுப் படமெடுப்பது. நானும் அதைத்தான் செய்தேன், மேடம். காலமெல்லாம் பிள்ளைகளைப் படி படி என்று விரட்டியவளுக்குத் தான் படிக்கப் பொறுமை இல்லை.

நான் ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் சேர்ந்து வாங்கிக் கொடுத்த கேமரா அது. காக்ஸ் டவுன் வீட்டு அலமாரியில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. என் கணவர் பெர்னார்டுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் வெளியே எடுத்தேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? நாள் முழுவதும் நோயாளியோடு ஒரே அறையில் இருப்பவளுக்கு ஏதாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பக்கத்துப் பார்க்கில் அஷ்வின் நடத்தும் போட்டோ வகுப்புக்குப் போனேன். அந்த நேரத்தில் ஜீவனஹள்ளியிலிருந்து வேலைக்கு வரும் லட்சுமம்மா பெர்னார்டைப் பார்த்துக்கொள்வாள்.

அஷ்வின் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். "மொதல்ல அசையாத ஆளா பாத்து பழகுங்க ஆன்ட்டி. ஜன்னல் வெளிச்சம் போதும். ஃபோகஸ கண்ணுல வைங்க, கிட்ட இருக்கற கண்ணுல. கண்ணு ஷார்ப்பா இருந்தா மிச்சத்த மன்னிச்சிடலாம்" என்றார்.

அசையாத ஆள் என் வீட்டிலேயே இருந்தார். பேச்சு போய்விட்டது. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் எழும்பும். கட்டிலை ஜன்னலோரம் தள்ளிப் போட்டுப் பழக ஆரம்பித்தேன். படங்களைப் பார்த்த அஷ்வின், "லைட் சூப்பர் ஆன்ட்டி. ஆனா அங்கிள் கண்ணுல ஒண்ணுமே இல்லியே" என்றார்.

எப்போது இருந்தது என்று கேட்டிருக்கலாம். பெர்னார்ட் கெட்டவர் இல்லை, மேடம். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். என்னைப் பார்க்கவும் மாட்டார், அவ்வளவுதான். புதுப் புடவை கட்டிக்கொண்டு, "என்னங்க, நல்லா இருக்கா?" என்று போய் நின்றால் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்று வரும். பேப்பர் இறங்காது. வாழ்நாள் முழுவதும் அப்படித்தான். அது எனக்கு வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது.

ஒரு நாள் காலை கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, அவருக்குக் கொடுக்க வேண்டிய தண்ணீரை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஃபோகஸ் திருகிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கொட்டாமல். படத்தை எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தேன். குடித்ததும் கண் கூரைக்குப் போய்விட்டது.

அந்தப் படத்தை வகுப்பில் காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு படம் முதலில், தண்ணீர் பிறகு என்று ஆகிவிட்டது. நான் தரமாட்டேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. வெளிச்சம் சரியாகட்டும் என்று காத்திருப்பேன். மேகம் வரும், போகும். இடது கைக்கு எட்டுகிற ஸ்டூலில் இருந்த டம்ளரைச் செயலிழந்த வலப்பக்கத்து ஜன்னல் கட்டைக்கு மாற்றினேன். விரல்கள் அதை நோக்கி அசையும்போது படம் கலங்கியது. ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

"அம்மாவ்ரே, ஐயாவுக்கு நாக்கு காஞ்சு கெடக்கு. கொஞ்சம் நீரு குடுக்கட்டா?" என்று லட்சுமம்மா கேட்டாள். நான் கொடுக்கிறேன், நீ போ என்றேன். எனக்குத் தெரியாமல் அவள் கொடுத்துவிட்ட நாட்களில் படம் ஒன்றும் தேறாது. அதனால் அவளைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து அழுதாளாம். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இந்த ஏப்ரலில் மழையே இல்லை. வெயில் காலத்தில் அடிக்கடி ஸ்பூனால் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கடைசி நாட்களில் ஈரப் பஞ்சால் உதட்டை ஒற்றினேன். உதட்டு வெடிப்பு படத்தில் அசிங்கமாகத் தெரிந்தது.

செத்துப்போவார் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அறிவியல் பாடம் எடுத்தவள் நான். கை எட்டாத இடத்தில் டம்ளரை வைத்தது நான்தான், எட்டாமலே வைத்திருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். கொடுத்துவிட்டால் திரும்பிக்கொள்வாரே.

மெமரி கார்டு உங்களிடம்தான் இருக்கிறது. கடைசிப் படத்தில் கிட்டே இருக்கும் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழிக்குள் ஜன்னல் தெரியும், கேமரா தெரியும், டம்ளரும் கையுமாக நான் தெரிவேன். அவர் பார்த்தது தண்ணீரை என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். அவர் என்னைத்தான் பார்த்தார்.