நகரித் தீ நிவாரண ஆட்டத்தில் விசில் ஊதப்படாதது பற்றி

ஜெபதாஸ் மகன் தேவானந்தம், வயது நாற்பத்தேழு, மதம் கிறிஸ்தவம், தொழில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், படிப்பு பி.ஏ., எல்.டி., இருப்பிடம் சித்தூர் மிஷன் காம்பவுண்டு. 1937-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் திருப்பதியில் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாகக் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் எதையும் ஒப்புக்கொள்ளக் கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எனக்கே விரோதமாக உபயோகிக்கப்படலாம் என்றும் எடுத்துச் சொல்லப்பட்டது. விளங்கிக்கொண்டேன். என்னைப் போலீசார் அழைத்து வரவில்லை. சித்தூரிலிருந்து ரயிலில் நானாகவே வந்தேன். எனக்குத் தெலுங்கும் இங்கிலீஷும் சரளமாக வரும். ஆனாலும் விஷயம் ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றியதாகையால் தமிழிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

சித்தூரில் எங்கள் வாலிபர் விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் நான் ஒருவன். போன வருஷம் வரையில் அதன் காரியதரிசியாக இருந்தேன். போன வருஷக் கூட்டத்தில் என்னை விலக்கி, எங்கள் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்த தியோடரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சென்னையில் தேகப்பயிற்சி படித்தவர், என்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். கை தூக்கியவர்களில் பாதிப் பேர் என்னிடம் இலக்கணம் படித்தவர்கள். தேர்தலில் முறைகேடு இருந்ததாக நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு மாலை போட்டார்கள். வாசலில் சைக்கிளின் கைப்பிடியில் அதை மாட்டிவிட்டு உள்ளே போய் வருவதற்குள் ஓர் ஆடு தின்றுவிட்டது. அதற்கும் சிரித்தார்கள்.

அதன் பிறகு இந்த வருஷம் சித்திரை மாதத்தில் நகரியில் நெசவாளர் தெரு ஒன்று தீப்பிடித்து எரிந்து, கூரைகளோடு தறிகளும் போயின. நிவாரணத்துக்காக எங்கள் சங்கமும் நகரி நெசவு வாலிபர் கழகமும் சடுகுடு ஆட வேண்டும் என்றும், ஆட்டத்தைத் திருப்பதியில் வைத்தால் யாத்திரை வந்த ஜனங்களும் டிக்கெட் வாங்குவார்கள் என்றும் கமிட்டியில் தியோடர் யோசனை சொன்னார். வீடு எரிந்தவர்களையே கொண்டுவந்து ஆட விட்டு டிக்கெட் விற்பது கௌரவம் ஆகாது என்று நான் மறுத்தேன். நெசவாளர்மேல் வைத்த இரக்கத்தால் மறுத்ததாக அப்போது எல்லாரும் நினைத்தார்கள். சொன்னவர் தியோடர் என்பதற்காகவே மறுத்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் கை தூக்கியிருப்பேன். யோசனை நிறைவேறியது. அதன் பிறகு நடுவர் யார் என்ற பேச்சு வந்தபோது தியோடர் மற்றவர்களைப் பார்த்து, “அய்யா கையில ஒரு விசிலக் குடுத்துடுங்கப்பா, ஊதிக்கினு ஓரமா நிக்கட்டும்” என்றார். கமிட்டி சிரித்தது. நான் ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு, ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, நகரி அணியின் தலைவர் நாகபூஷணம் சித்தூருக்கு வந்தார். எரிந்த தெருவில் அவருடைய வீடும் தறியும் இருந்தன. அச்சடித்த நோட்டீசில் ‘கதியற்ற நெசவாளருக்குப் பிச்சையிடுங்கள்’ என்று இருந்ததைக் காட்டி, தாங்கள் ஆடித்தான் சம்பாதிக்கிறோம், பிச்சை என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று கேட்டார். அதற்குத் தியோடர், “அண்ணே, பிச்சைன்னு போட்டாத்தான் டிக்கெட்டு போகும். கதியோட இருக்கிறவனுக்கு எவன் குடுப்பான்?” என்றார். நாகபூஷணம், “களத்துல வா, யாரு கதியத்தவன்னு காட்றேன்” என்றார். இந்தப் பேச்சைத்தான் போலீசார் முன்பகைக்குச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள், அதை அவர்களுக்குச் சொன்னவனும் நான்தான். அதற்குப் பின் நடந்ததை நான் சொல்லவில்லை. தியோடர் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்து, மறு அச்சுக்கு அனுப்பினார். இருவரும் சங்கத்து வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காபி சாப்பிட்டார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று தியோடர் தம் சைக்கிளில் அவரைப் பின்னால் உட்காரவைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார்.

அதன் பிறகு ஆட்டத்தன்று சாயங்காலம் திருப்பதியில், ரயில் பாதைக்கு அப்பால் உள்ள மைதானத்தில் ஜனங்கள் எல்லைக் கோட்டை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பாண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். ஆட்டம் நடக்கும்போது வாசிக்கக் கூடாது என்று கமிட்டியில் நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. இதைச் சொல்வது என் குற்றத்தைக் குறைப்பதற்காக அல்ல. வாத்தியத்தின் சத்தத்தில், நான் கேட்டதை வேறு யாரும் கேட்டிருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாஜிஸ்திரேட் அவர்கள் கேட்டதன் பேரில் ஆட்டத்தின் முறையைச் சொல்கிறேன். பாடிப் போகிறவர் ‘சடுகுடு குடுகுடு’ என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு எதிர்ப் பக்கம் போய், ஆளைத் தொட்டுவிட்டுத் தம் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். எதிரிகள் பிடித்துக்கொண்டால், பாட்டு நிற்கும் வரையில் பிடியை விடமாட்டார்கள். முன்னதாக விட்டு, அவர் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்தவர்கள் எல்லாரும் வெளியேற வேண்டும். ஆகையால் நடுவர் விசில் ஊதின பிறகே எழுந்திருப்பார்கள். பாட்டு நின்றதா இல்லையா என்று சொல்ல நடுவரின் காது ஒன்றே உண்டு. அதற்காகவே நடுவர் பாடுகிறவரோடு குனிந்தபடி கூடவே ஓட வேண்டும்.

ஆட்டம் முடியும் தறுவாயில் தியோடர் பாடிப் போனார். நாகபூஷணம் அவர் காலைப் பிடித்து விழுத்தி நெஞ்சின்மேல் குறுக்கே விழுந்தார். மற்றவர்கள் நாகபூஷணத்தின்மேல் விழுந்தார்கள். நாகபூஷணத்தின் முகம் மண்ணில் புதைந்திருந்தது, அவருடைய தலைமேல் இன்னொருவர் வயிறு இருந்தது. அவர் எதையும் பார்க்கவோ கேட்கவோ முடியாது. தியோடரின் தலை மட்டும் என் பக்கமாக வெளியே இருந்தது. நான் முழங்காலிட்டு அவர் வாயருகே காதை வைத்தேன். ‘குடு குடு குடு’ என்று சன்னமாக வந்தது. பிறகு அது ‘விடு’ என்று மாறியது. ‘விடு விடு’ என்றார். அதே தாளத்தில்தான் சொன்னார். தள்ளி நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் விழும். எனக்கு அப்படி விழவில்லை. நான் இலக்கணம் சொல்லிக் கொடுத்துச் சாப்பிடுகிறவன்.

அந்த இடத்தில் நான் விசிலை ஊதவில்லை. விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது. சென்னைக்குப் போய் வந்த பிறகு தனித்துப் பேசும்போது என்னை ‘மிஸ்டர் தேவானந்தம்’ என்றும், நாலு பேர் முன்னால் சிரிப்பதற்காக மட்டும் ‘அய்யா’ என்றும் கூப்பிட்டவர், இப்போது சிரிக்காமல் ‘அய்யா’ என்று ஒரு தடவை கூப்பிடட்டும், ஊதுகிறேன் என்று நினைத்தேன். அவர் கண் என்னைப் பார்த்தது. நான் காதை எடுக்காமல், கேட்டுக்கொண்டிருக்கிறவனைப் போலவே இருந்தேன். ‘விடு’வும் நின்றது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ஊதினேன். ஊதின உடனே எல்லாரும் எழுந்தார்கள். நாகபூஷணம்தான் முதலில் தியோடரைப் புரட்டி, “ஏய் தியோடரு, எழும்புப்பா, ஆட்டம் ஓஞ்சிபோச்சி” என்று தோளைத் தட்டினார். அவர் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். போய்ச் சேருவதற்குள் உயிர் இல்லை. நெஞ்சு நசுங்கி மூச்சடைத்ததாக டாக்டர் எழுதினார்.

அன்றைக்கே போலீசார் என்னை விசாரித்தபோது, பாட்டு நின்ற கணமே ஊதினேன் என்றும், ஊதின பிறகும் நாகபூஷணம் எழத் தாமதித்தார் என்றும் எழுதிக் கையொப்பம் போட்டேன். இரண்டும் பொய். அதன் பேரில்தான் அவரைக் கொலைக் கேசில் அடைத்தார்கள்.

அதன் பிறகு சித்தூரில் அடக்கம் நடந்தது. அன்று மாலை தியோடரின் மனைவி யூனிஸ் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். வீடு நிறைய ஜனங்கள் இருந்தார்கள். அவர் அழவில்லை. “கடைசியா என்னா சொன்னாரு அய்யா? நீங்கதான கிட்ட இருந்தீங்க” என்று கேட்டார். கடைசி வரையில் பாடிக்கொண்டே இருந்தார் என்று சொன்னேன். “அவரு அப்பிடித்தான். விட்டுக் குடுக்க மாட்டாரு” என்று சொல்லி, பக்கத்தில் இருந்தவர்களிடமும் அதைச் சொன்னார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் அதையே பிரசங்கத்திலும் சொன்னார்கள், ஓட்டத்தை முடித்தார் என்று. நான் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கேட்டேன். சங்கத்தார் கூடி, மறுபடியும் என்னைக் காரியதரிசியாக இருக்கக் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு போன வாரம், ஆட்டத்தில் தியோடரைப் பிடித்தவர்களை அடையாளம் காட்டுவதற்காக என்னைத் திருப்பதி போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். நாகபூஷணத்தைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். என்னைக் கண்டதும் கும்பிட்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன், அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிளிடம் தெலுங்கும் தமிழுமாகப் பேசிக்கொண்டிருந்தார். விசில் சத்தம் கேட்ட உடனே எழுந்ததாகத்தான் தமக்கு நினைவு என்றும், ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்ததில் இப்போது சந்தேகமாக இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு, “வாத்தியாரு பொய் சொல்லுவாரா? அவரு அப்பவே ஊதிக்கீறாரு. எனக்குத்தான் காதுல உழல. நான்தான் எழும்பாம கெடந்து அந்தப் பையனக் கொன்னுட்டேன்” என்றார். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். இவர்தான் என்று அடையாளம் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நாகபூஷணம் தம் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகவும், அதற்கு நாள் குறித்திருப்பதாகவும் நேற்று கேள்விப்பட்டேன். அவர் கொல்லவில்லை. அவர் தாமதிக்கவில்லை. செய்யாததைச் செய்ததாக அவரையே நம்பவைத்தது என் கையொப்பம். அவரை விடுதலை செய்யக் கேட்டுக்கொள்கிறேன். நான் கேட்டுக்கொள்கிற ஸ்தானத்தில் இல்லை என்பது தெரியும்.

கேள்வி: தியோடர் சாக வேண்டும் என்று நினைத்தீரா?

பதில்: இல்லை. அவர் கெஞ்ச வேண்டும் என்று நினைத்தேன்.

கேள்வி: பாண்டு சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று இருக்கலாம் அல்லவா?

பதில்: கேட்டது.

கேள்வி: இறந்துபோன அந்த மனிதர்மேல் இப்போதும் உமக்கு மனக்கசப்பு உண்டா?

பதில்: உண்டு. உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன், ஆகையால் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் இறந்தும் அது போகவில்லை. அவருடைய மனைவி முகத்தைப் பார்க்கும்போது மட்டும் அது எங்கேயோ போய்விடுகிறது. ஆகையால் அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

கேள்வி: வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீரா?

பதில்: இதைக் கோர்ட்டில் வாசிப்பதற்கு முன்பு யூனிஸ் அம்மாளிடம் நானே போய்ச் சொல்ல அனுமதி வேண்டும்.

அனுமதி இல்லை என்று சொல்லப்பட்டது.

இதை எழுதி முடித்த பின் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில் எழுத்தர் ‘பதற்றத்தினால் விசில் ஊதத் தவறினேன்’ என்று எழுதியிருந்தார். பதற்றம் என்பது நான் சொன்ன சொல் அல்ல, தவறினேன் என்பதும் அல்ல. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து அவர் எழுதியிருக்கலாம். இரண்டையும் அடித்து ‘ஊதவில்லை’ என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதப்பட்டது. அந்தத் திருத்தத்தோடு இதில் கண்டது முழுவதும் நடந்தது, நானே சொன்னது, யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

(ஒப்பம்) ஜெ. தேவானந்தம்