தேறிவிட்ட முகம்

எனக்கு ஓட்டல் காபி ஒத்துக்கொள்ளாது. அதனால் குமாரபாளையத்தில் படம் எடுத்த நாட்களில் கமலவேணி போட்டுக் கொடுத்த காபியைத்தான் குடித்தேன். அவள் கணவன் சண்முகவேல் கைத்தறி நெசவாளி, காசநோய்க்காரன். அந்த வீட்டுத் தம்ளரைத் தொட என்னுடன் வந்தவர்கள் தயங்கினார்கள். நான் தயங்கவில்லை.

எண்பத்து நான்கில், நெசவாளர்களின் வறுமையைப் பற்றித் தொலைக்காட்சிக்காக நான் எடுத்த படம் அது. முதல் தடவை போனபோது சண்முகவேல் எலும்பும் தோலுமாகத் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான். தறியை மிதிக்க மிதிக்க இருமினான். கேட்டுக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர் கண்கலங்கிவிட்டார்.

மழையால் படப்பிடிப்பு நின்று, சில மாதம் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையில் அவன் தேறியிருந்தான். கன்னம் உப்பியிருந்தது.

"இப்பெல்லாம் ரெண்டு வாய் சேத்தியே சாப்படறேனுங்க" என்று சிரித்தான்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாதிப் படத்தில் ஒரு முகம், மீதியில் வேறொரு முகம் என்றால் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். உண்மைக்கு நான் கடமைப்பட்டவன்.

"இந்த மாத்திரை உடம்பைக் கெடுத்துடும், நிறுத்திடுங்க. இதைவிட நல்ல மருந்தா மெட்ராஸ்லேர்ந்து கொண்டுவர்றேன்" என்றேன். அப்படி ஒரு மருந்து என் கைவசம் இல்லை.

கமலவேணிதான் தயங்கினாள். "ஏனுங் சார், டாக்டரு நிறுத்தச் சொல்லலீங்களே?"

"சார் தெரியாமயா சொல்லுவாரு? நீ சும்மா இரு புள்ள" என்று அவன் அடக்கினான்.

அடுத்த தடவை போனபோது எனக்கு வேண்டிய முகம் வந்திருந்தது. இருமலோடு ரத்தமும் வந்தது. அதைப் படத்தில் சேர்க்கவில்லை. எனக்கென்று ஒரு நாகரிகம் உண்டு.

எடுத்து முடித்ததும் மாத்திரையை மறுபடி சாப்பிடச் சொல்லியிருக்கலாம். எடிட்டிங் வேலையில் மறந்துபோனது. படம் ஒளிபரப்பாவதற்கு முன்பே அவன் இறந்துவிட்டான். டெல்லியில் படத்துக்குப் பரிசு கொடுத்தபோது அவன் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். அரங்கமே எழுந்து நின்றது.

கமலவேணி உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. மாத்திரையை நிறுத்தியது நான்தான். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் குடும்பத்தின் மேல் என்னைவிட அக்கறை காட்டியவர் யார், சொல்லுங்கள். இப்போது அவளுக்கும் இருமல் வந்திருக்கிறதாம். கேள்விப்பட்டதும் கேமராவோடு கிளம்பிவிட்டேன்; அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.