காலிப் பெட்டிக்குப் பாட்டு

“ஹலோ… கமிலோ சாரா? யார்லெனி பேசறேன். அந்தச் சவப்பெட்டியை மேடையிலேருந்து எடுக்கச் சொல்லுங்க. முதல்ல அதை எடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.”

ஊர் ஊராக, நாடு நாடாக நடக்கிற அந்தத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி கொலம்பியாவுக்கு வந்தபோது, தயாரிப்பாளர் கமிலோ முதல் நாளே சொல்லியிருந்தார்: பாட்டு என்ன, மேடையில் என்ன என்று போட்டியாளர் வாய் திறக்கக் கூடாது. சாயங்காலம் அரையிறுதி. பொகொத்தா ஓட்டல் அறையில், உடுத்த வேண்டியதாகக் கட்டிலில் விரித்திருந்த வெள்ளைக் கவுனுக்கு எதிரில் நின்று அவள் வாய் திறந்துவிட்டாள்.

“ஆமா… ஆமா, கையெழுத்துப் போட்டது நான்தான். எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்சவ நான் ஒருத்திதான் சார், படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்… மெழுகுவர்த்தியா? எத்தனை வேணா ஏத்துங்க. புகை விடுங்க. காலிப் பெட்டி முன்னால அலபாவோ பாடச் சொல்றீங்களே, அதைச் சொல்றேன்… அட, நாட்டுப்பாட்டு இல்ல சார், சாவுப்பாட்டு! எங்க குவாப்பி ஊர்ல பொணம் கிடந்தாத்தான் பாடுவோம். பொணம் இல்லாமப் பாடினா அந்தப் பாட்டு ஆள் கேக்கும்… சிரிங்க, சிரிங்க. உங்க வீட்டு ஹால்ல காலிப் பெட்டியைப் போட்டு, பக்கத்துல உங்க பொண்டாட்டியை உட்கார வச்சுட்டுச் சிரிங்க பார்ப்போம்… என்னது? யாரு ஒத்துக்கிட்டாங்க?”

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கம்மாவா? அவளுக்கு மேக்கப்னு சொல்லித்தானே காலையில காரை அனுப்பினீங்க?… அவ பாடறதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை?… போனை அவகிட்ட குடுங்க… சரி, மரியாதையாவே கேக்கறேன். குடுங்க!”

“அம்மா… சாப்டியா?… அழாதே. என்ன சொன்னாங்க?… நீ பாடலைன்னா என்னைத் தூக்கிருவாங்களா… ம்… ம்… சரி, யார் பேருக்குப் பாடறதா இருந்தே? அப்பாவுக்கு ஒன்பது ராத்திரியும் பாடி அனுப்பியாச்சு. போனவரை மறுபடி கூப்பிடக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?… பின்னே யாருக்கு?… சத்தமாச் சொல்லும்மா… உனக்கா?”

கட்டிலிலிருந்து அவள் எழுந்தாள்.

“நான் ஜெயிக்கறதுக்கு உன் சாவுக்கு நீயே பாடிக்கப் போறியா?… ‘வாழ்ந்தது போதும்’னு இன்னொரு தடவை சொன்னே, அடி வாங்குவே… எழுந்திரு. மூஞ்சியைக் கழுவு. அவங்க துணியைக் கழட்டிப் போட்டுட்டு உன் பாவாடையைக் கட்டு. ஸ்டூடியோ கேட் வாசல்ல நில்லு, வரேன். புவெனவெந்துராவுக்கு பஸ், அங்கேருந்து நம்ம ஊருக்குப் படகு… ஆமா, ஜெயிக்கலை. ஜெயிக்காத ஜனம்தானே ஊர் பூரா, சாப்பிடாமயா இருக்கு?… போனை அந்தாளுகிட்ட குடு.”

கவுன் கட்டிலிலேயே கிடந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

“சார்… நேரலை, தெரியும்… கேஸா? போடுங்க. சட்டம் படிச்சவதான், நானே வாதாடறேன்… நன்றி கெட்டவளா? யாருக்கு நன்றி? நாலு நடுவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தப்ப, முகம் தெரியாம என் குரலுக்குத் திரும்பினாங்களே, அது எங்கம்மா குரல். அவளைக் குடுத்துட்டுக் கோப்பையை வாங்கி நான் என்ன பண்ண?… யோசிக்கவா? ரோட்டுக்கே வந்தாச்சு சார்… என்ன, பெட்டியை எடுத்துடறீங்களா? இப்பவா?… எடுங்க. நல்லது. அடுத்து உங்க கையில மாட்டற பொண்ணோட அம்மாவுக்கு உதவும்… டாக்ஸி!”