மூன்றாவது எரிகிண்ணம்

டீயைக் குடியுங்கள் தம்பி. சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். வெயிலில் வந்தவர்களுக்கு இனிப்பு தாகத்தைக் கூட்டும்.

இரண்டு அடுப்பையும் பார்த்துவிட்டீர்கள். சுவரோரம் இருப்பது பழையது. பதினோரு வருஷம் நான் சமைத்தது. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னத் துண்டுகள்தான் இரண்டிலும் எரிகின்றன. விறகென்றால் பொறி பறக்கும். எம். புதுப்பட்டியில், பட்டாசு லோடு வண்டி வாசலை உரசிப் போகிற இடத்தில், விறகடுப்பை வைத்து மெஸ் நடத்த முடியாது. பழையதில் துண்டுகள் எரிகிற கிண்ணம் வார்ப்பிரும்பு, விரல் கனம். பதினோரு வருஷமும் ஒரே கிண்ணம். புதியதில் வெறும் தகடு. ஆனாலும் மூன்று வருஷம் தாங்கும் என்றுதான் உங்கள் கம்பெனியில் சொன்னார்கள். ஏழு மாதத்தில் மூன்று கிண்ணம் பிளந்துவிட்டது. எப்படி என்று கேட்கிறீர்கள்.

என் கொழுந்தன் பாண்டிமுருகன் நல்லவன். புது அடுப்பை இறக்கிய அன்றே எனக்கு ஒரு நாற்காலியும் வாங்கி வந்தான்.

"இம்புட்டு வருசம் வெந்தது போதும் மதினி. இனி ஸ்ரீமதி பாத்துக்கிடுவா. நீங்க உக்காருங்க."

ஸ்ரீமதி அவன் மனைவி. ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். உட்கார்ந்தேன். அங்கிருந்து வாசல் நன்றாகத் தெரிந்தது, அடுப்பு தெரியவில்லை. மதியப் பந்தியில் பட்டாசுக் கம்பெனி ஆள் பெத்தணன் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "பக்குவம் மாறிப்போச்சே" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. "ஆனா இதுவும் நல்லாத்தேன் இருக்கு. இன்னுங் கொஞ்சம் ஊத்துத்தா" என்று முடித்தார்.

அன்று வேலை முடிந்ததும் ஸ்ரீமதி அடுப்பை நிறுத்தி, தானாக ஆறட்டும் என்று விட்டாள். உங்கள் கம்பெனிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நானும் படித்தேன். ஆனால் இது அணைந்த பீடியையும் மூன்று தரம் மிதிக்கிற ஊர். அதைத்தான் எடுத்துச் சொன்னேன்.

"இங்கன நெருப்ப அப்படியே விட்டுட்டுப் போகமாட்டாக. கிண்ணம் செவப்பா இருக்கையிலயே ஒரு செம்புத் தண்ணி ஊத்திரணும். ஊரு வழக்கம்."

"புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கேக்கா?"

"புத்தகம் போட்டவன் பட்டாசு ஊர்லயா குடியிருக்கான்?"

அவள் சிரித்துக்கொண்டே ஊற்றினாள். சொய்யென்ற அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் கிண்ணம் ஒன்பதாவது வாரம் பிளந்தது. மாற்றுக் கிண்ணம் வரும்வரை நான் எழுந்து என் அடுப்பில் சமைத்தேன். அந்த நாட்களில் அவளை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்; அழுது சோர்ந்திருப்பாள். என் அடுப்பு தானாகவே ஆறும். சிவந்த வார்ப்பில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும் அல்லவா.

மூன்றாவதும் போனபோது பாண்டிமுருகன் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். "மதினி ஒத்தக் கிண்ணத்துல பதினோரு வருசம் ஆக்குனாக. ஒனக்கு ஏழு மாசத்துக்கு மூணா?"

அவள் ஏற்கனவே பயத்தில் ஒன்றுக்கு இரண்டு செம்பாக ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை. நேற்று விளக்கேற்றச் சொன்னேன். "வேண்டாங்க்கா. என் கை பட்டா அதுவும் ஏதாச்சும் ஆயிரும்" என்றாள். நாளைக்கு ஆலங்குளம், அம்மா வீட்டுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று பாண்டிமுருகன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் புண்படுவாள்.

உங்கள் படிவத்தில் 'காரணம்' என்ற இடம் காலியாக இருக்கிறது. அவள் கைராசி என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களைப் பொய் எழுதச் சொல்ல மாட்டேன் தம்பி. வேறொருத்தி கையாக இருந்திருந்தால், அத்தனை தண்ணீருக்கும் ஒரு கிண்ணமாவது தாங்கியிருக்கும்.