சொட்டு மெக்கானிக் கண்டுபிடிக்காத ஒழுகல்

எங்கள் வீட்டில் எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறவன் நான் ஒருவன்தான். நாய்க்கு மருந்து புகட்ட வாங்கிய பழைய சிரிஞ்சையும் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்தேன். என்னைப் பற்றி என்ன எழுதினாலும் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமனாரின் காருக்கு இருபத்தாறு வயது. பதினோரு வருடமாக அதைக் குழந்தை மாதிரி குளிப்பாட்டித் துடைத்தவன் நான். அதைத் தூக்கி என் மச்சினனுக்குக் கொடுக்கப்போவதாக மாமனார் ஒருநாள் சாவகாசமாகச் சொன்னார். மச்சினன், கேட் திறந்திருக்கிறதா என்று முட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆள். அவன் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் கார் அவன் கைக்குப் போகக்கூடாது. யோசித்துப் பார்த்ததில், பிரேக் ஆயிலை எடுப்பதுதான் பாதுகாப்பான வழி என்று பட்டது.

வாரத்துக்கு ஒரு சிரிஞ்ச். பேராசைப்படவில்லை. எல்லோரும் குளிக்கிற நேரம் பார்த்துப் பானட்டைத் திறந்து, ஆயில் டப்பாவிலிருந்து உறிஞ்சி எடுத்துவிடுவேன். ஆயில் குறைந்துகொண்டே போவதைப் பார்த்த மாமனார், கோளாறு சரியாகிற வரைக்கும் கார் இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

தெருக்கோடி மெக்கானிக்கை வரவழைத்தார்கள். எந்த வண்டியில் எது சொட்டினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அவருக்கு 'சொட்டு' என்றே பெயர். டப்பாவில் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதினார். நாலு சக்கரத்தடியிலும் செய்தித்தாள் விரித்தார். தாள் காய்ந்தே கிடந்தது, ஆயில் கோட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. குழாய்களைத் தடவிப் பார்த்தார், மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார். உள்ளுக்குள் கசிகிறதோ என்று பூஸ்டரைக் கழற்றி மோந்துகூடப் பார்த்தார்.

நடுவில் ஒரு கல்யாணத்துக்காக நான் பத்து நாள் வெளியூர் போய்விட்டேன். வந்ததும் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க இல்லாதப்ப ஒரு சொட்டு கூட இறங்கல சார். நீங்க இருந்தாதான் இறங்குது."

மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க வெயிட் என்ன சார்?"

அன்று ஒரு மணி நேரம் என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சொன்னபோதெல்லாம் குதிக்கச் சொல்லி, டார்ச்சோடு அடியில் படுத்துக் கிடந்தார். என்மேல் அவருக்குக் கடைசிவரை சந்தேகமே வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்கூட உண்டு.

மூன்றாவது மாதம் மச்சினன் அலுத்துப்போய், "அந்த ஓட்டை வண்டிய நீங்களே வச்சுக்குங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு வேறு கார் வாங்கிக்கொண்டான். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது திடுதிப்பென்று நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அதற்குள் சொட்டு இளைத்துத் துரும்பாகிவிட்டார். ஒருநாள் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இந்த ஒரு வண்டி என்னத் தோக்கடிச்சிருச்சு சார். கடைய மூடிட்டு மருமகனோட ஜவுளிக் கடையில துணி மடிக்கப் போறேன்."

உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். மூன்று மாதமாக ஒரு நாய் சிரிஞ்சிடம் ஏமாந்திருக்கிறோம் என்று தெரிந்தால் அந்த மனிதர் தாங்குவாரா? அதனால் மறுநாள் காலையில், பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாயின் நட்டை ஸ்பேனரால் அரைத் திருகு தளர்த்தி வைத்தேன். கடைசியாக ஒரே ஒரு தடவை பாருங்கள் என்று அவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். விரலில் ஆயிலைத் தொட்டுக் காட்டும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தார். பிறகு வேலை இல்லாமல் முகம் மறுபடி தொங்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது எங்கள் தெருவில் ஆறு வண்டிகள் ஒழுகுகின்றன. எந்த வாரம் எந்த வீடு என்று முறை வைத்துத்தான் செய்கிறேன், யாருக்கும் அதிகச் சிரமம் இல்லை. கடையை மூடுகிற பேச்சையே அவர் இப்போது எடுப்பதில்லை.

யாருக்கும் எதுவும் ஆகாது, பிரேக் பிடிக்காமல் போவதற்குள் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் கொஞ்ச நாளாக நான் எங்கள் தெருவில் இறங்குவதில்லை, பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறேன்.